எஞ்சினுக்கு உணவளக்கும் அட்டவணை
இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்

உணவில் அளவு வேண்டும் என்பர் பெரியோர். மனிதனுக்குச் சொன்ன அவ்விதி மோட்டார் எஞ்சினுக்கும் பொருந்தும். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. அந்த அளவை எஞ்சின் எவ்வாறு அறிகிறது, அதில் பிழை இருந்தால் எவ்வாறு திருத்துவது என்பதை என் அனுபவத்தோடு சேர்த்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. முன்னாளில் இக்கலவையைக் கார்புரேட்டர் தயாரித்தது. 1967-இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் முறை ஃபோக்ஸ்வாகன் கார்களில் வந்தது. அதில் காற்று நுழையும் குழாயின் அழுத்தத்தை அளந்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்னணுச் சாதனம் முடிவு செய்தது. 1976-இல் வால்வோ கார்களில், எரிந்து வெளியேறும் புகையின் ஆக்ஸிஜனை அறியும் லாம்டா உணர்வி இடம்பெற்றது. இன்றைய முறைகள் இவ்விரண்டின் வழிவந்தவையே.

அழுத்தம், கன அளவு, வெப்பநிலை ஆகியவை தெரிந்தால் வாயுவின் நிறையைக் கணக்கிடலாம் என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுவதுமாக நிரம்புவதில்லை. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுற்றும்போது, ஒரு சிலிண்டர் விநாடிக்கு 25 முறை காற்றை இழுக்கிறது. ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 40 மில்லி விநாடி மட்டுமே. எனவே எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்புகிறது என்பதை ஓர் அட்டவணையாக எழுதிக் கணினியில் பதிக்கின்றனர். இதில் 16 வரிசை, 16 நிரல் என 256 கட்டங்கள் இருப்பது உண்டு.

இக்கட்டங்களை நிரப்பும் வேலைதான் எனக்குக் கிடைத்தது. என் தந்தையார் கோவையில் ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்கென ஒருவர் வைத்திருந்த பழைய காரில் கார்புரேட்டரை நீக்கி இன்ஜெக்டர்களும் கணினியும் பொருத்தியிருந்தனர். "படிக்கிற பிள்ளை, கணக்குப் போடும்" என்று தந்தையார் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

முறை எளிது. கார் தடத்தில் ஓடும்போது வேகம், அழுத்தம், வெப்பநிலை, காற்று-பெட்ரோல் விகிதம் ஆகியவற்றை விநாடிக்குப் பத்து முறை பதிவு செய்ய வேண்டும். 40 நிமிட ஓட்டத்தில் 24,000 வரிகள் சேர்ந்தன. சாதாரண லாம்டா உணர்வி கலவை 14.7-க்கு மேலா கீழா என்று மட்டுமே காட்டும். எண்ணாக அறிய அகன்ற எல்லை உணர்வி வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியையும் அதற்குரிய கட்டத்தில் சேர்த்துச் சராசரி காண வேண்டும். பழைய எண்ணை அளந்த விகிதத்தால் பெருக்கி, வேண்டிய விகிதத்தால் வகுத்தால் புதிய எண் கிடைக்கும். முழு விசையில் வேண்டியது 12.6, அளந்தது 13.86, கட்டத்தில் இருப்பது 70 என்றால், புதிய எண் 77 ஆகும்.

நான் 24,000 வரிகளையும் அப்படியே கணக்கில் சேர்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று பெருமையும் கொண்டேன். மறுநாள் உரிமையாளர் ஓட்ட, தந்தையார் பக்கத்தில் அமர்ந்தார். ஒரு சுற்றுகூட முடியவில்லை. கார் திரும்பி வந்தது. தந்தையார் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"கண்ணு, முழுசா மிதிச்சா டக்கு டக்குனு அடிக்குது. தீனி பத்தல. இன்னும் நாலு சுத்து போயிருந்தா பிஸ்டன் உருகியிருக்கும்."

உருகியிருந்தால் அப்பழி என் மீது விழுந்திருக்காது. என் பெயரைச் சொன்னவர் மீது விழுந்திருக்கும்.

அன்றிரவு பதிவுகளை வரிவரியாகப் படித்தபோது என் பிழை விளங்கியது. ஆக்ஸிலேட்டரைத் திடீரென மிதிக்கும்போது கணினி சிறிது நேரம் கூடுதல் பெட்ரோல் தரும். அந்த வரிகளையும் சேர்த்ததால் 'பெட்ரோல் மிகுதி' என்று கணக்குக் காட்டியது. நான் முழு விசைக் கட்டங்களைக் குறைத்துவிட்டேன். காலை எடுத்தவுடன் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். அப்போது உணர்வி காண்பது வெறும் காற்றை. அதனால் குறைந்த அழுத்தக் கட்டங்களை வீணாக உயர்த்தியிருந்தேன். மேலும், எரிந்த புகை உணர்வியை அடையச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் எஞ்சின் வேறு கட்டத்திற்குச் சென்றிருக்கும்.

ஆகவே எஞ்சின் சூடேறாத வரிகள், மிதியின் நிலை மாறிக்கொண்டிருந்த வரிகள், இன்ஜெக்டர் மூடியிருந்த வரிகள் ஆகியவற்றை நீக்கினேன். பாதிக்கும் குறைவானவையே எஞ்சின. சில வரிகள் மட்டும் விழுந்த கட்டங்களை நம்பாமல், நன்கு நிரம்பிய அண்டைக் கட்டங்களைப் பார்த்துச் சரிசெய்தேன். ஒரே நாளில் முழுத் திருத்தமும் செய்யாமல் பாதி திருத்தி, மீண்டும் ஓட்டி, மீண்டும் அளந்தோம். மூன்றாவது ஓட்டத்திற்குப் பின் பிளக் இளம்பழுப்பு நிறத்தில் வந்தது. தந்தையார் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மீண்டும் பூட்டினார்.

என் தந்தையார் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். 24,000 வரிகள் எனக்குக் காட்டாததை ஒரு பிளக்கின் நிறம் அவருக்குக் காட்டியது. அந்நிறம் ஏன் மாறியது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு திருத்த வேண்டும் என்பதைச் சொல்ல என் கணக்கும் தேவைப்பட்டது. நண்பர்களே, ஆய்வகத்தில் நாம் எடுக்கும் அளவீடுகளுக்கும் இது பொருந்தும். அளவீடுகள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன், ஒவ்வொன்றும் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்போமாக. சராசரி காண்பது அதற்குப் பிறகுதான்.