அயல்நாட்டுக்குப் பொதி அனுப்பும் வழி

பால்வெட்டு முடிந்த பிற்பகல் வேளையில் தையல், மணிவேலை, துணித் தோரணம் கட்டுதல் போன்ற கைத்தொழில்களைச் செய்து வரும் குடும்பங்கள் தோட்டப்புறங்களில் பல உள்ளன. முன்பெல்லாம் அப்பொருள்களை அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் திருவிழாக் கடைகளிலும் மட்டுமே விற்க முடிந்தது. இன்றோ சிங்கப்பூரிலும் இலண்டனிலும் மெல்பர்னிலும் வாழ்வோர் கைப்பேசியில் படத்தைப் பார்த்து விலை கேட்கின்றனர். விற்பது எளிதாகிவிட்டது. ஆயினும், விற்ற பொருளைக் கடல் கடந்து கொண்டு சேர்ப்பதில்தான் இலாபமும் நட்டமும் அடங்கியுள்ளன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தோரணத்தை அனுப்புச் செலவுடன் சேர்த்து 120 வெள்ளிக்கு விற்கிறோம் என்று கொள்வோம். துணி, நூல், அஞ்சல் கட்டணம் ஆகியவற்றுக்கு 100 வெள்ளி போனால், கைக்கூலியாக மிஞ்சுவது 20 வெள்ளி. அப்பொதி வழியில் தொலைந்து, வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் 100 வெள்ளி நட்டம். அதை ஈடுகட்ட இன்னும் ஐந்து தோரணங்கள் விற்றாக வேண்டும். ஆதலால், விலை கூறுவதற்கு முன்பே அனுப்பும் வழியைத் தீர்மானித்துக்கொள்வது அவசியமாகும்.

மூன்று வழிகள்

முதலாவது, அஞ்சல் வழி. 1874ஆம் ஆண்டில் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாட்டின்படி, நாம் இங்கு ஒப்படைக்கும் பொதியை அயல்நாட்டின் அஞ்சல் துறை பெற்று உரியவரிடம் சேர்க்கிறது. 2 கிலோவுக்கு உட்பட்டவை சிறு பொதிகள். அதற்கு மேற்பட்டவை பார்சல்கள். விரைவாகச் செல்ல வேண்டியவற்றுக்கு இ.எம்.எஸ். எனும் விரைவு அஞ்சல் உண்டு. அஞ்சல் கட்டணம் பெரும்பாலும் குறைவு. பயண நாள்கள் அதிகம்.

இரண்டாவது, தனியார் கூரியர். இங்குப் பெற்றுக்கொள்வது முதல் அங்கு வீட்டில் ஒப்படைப்பது வரை, சுங்கச் சோதனைக்குரிய வேலைகள் உட்பட, எல்லாவற்றையும் நிறுவனமே கவனிக்கும். வேகம் அதிகம், கட்டணமும் அதிகம். சுங்க வேலைக்கென வாங்குபவரிடம் தனிக் கட்டணம் கேட்கப்படுவதும் உண்டு.

மூன்றாவது, இணையச் சந்தையின் ஏற்பாடு. சில சந்தைகளில் பொருளை உள்நாட்டுக் கிடங்கில் சேர்த்துவிட்டால் போதும். எஞ்சிய பயணத்தைச் சந்தையே பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குவோருக்கு இது ஏற்றது. எனினும், சந்தை பிடித்துக்கொள்ளும் தரகு எவ்வளவு என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

எவ்வழியாயினும், தொடர் எண் கொண்ட சேவையையே தேர்ந்தெடுத்தல் நன்று. அவ்வெண் இல்லாவிடில், பொதி வந்து சேரவில்லை என்று ஒருவர் கூறும்போது நம் பக்கம் சான்று ஏதும் இராது. பொருளின் விலை கூடுதலாயின் காப்புறுதியும் தேவை. அனுப்பிய இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அஞ்சல் பொதி குறித்து விசாரிக்க, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம் வரை உலக அஞ்சல் விதிகள் இடமளிக்கின்றன. ஆனாலும் தாமதியாமல் விசாரிப்பதே மேல்.

எடையும் பருமனும்

பலர் ஏமாறும் இடம் இதுவே. கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5,000ஆல் வகுத்துப் பரும எடையைக் கணக்கிடுகின்றன. இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம்.

1.5 கிலோ எடையுள்ள தோரணங்களை 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால், பரும எடை 4.8 கிலோ ஆகிறது. அவற்றையே மடித்து 30க்கு 25க்கு 8 சென்டிமீட்டர் பெட்டியில் அடக்கினால், அது 1.2 கிலோதான், அப்பொழுது 1.5 கிலோவுக்குக் கட்டணம் செலுத்தினால் போதும். பொருள் ஒன்றே, பெட்டி மட்டுமே மாறியது. ஆகவே பொருளைக் கட்டி முடித்து, எடையும் அளவும் எடுத்த பிறகே கட்டணத்தை விசாரிக்க வேண்டும்.

சுங்க அறிக்கை

அஞ்சல் பொதிகளுக்குச் சி.என். 22 அல்லது சி.என். 23 எனும் சுங்கப் படிவம் உண்டு. அதில் "துணி" என்று மொட்டையாக எழுதாமல், "பருத்தித் துணியால் கையால் தைத்த வாயில் தோரணம், 3" என விளங்க எழுத வேண்டும். விற்ற பொருளை "அன்பளிப்பு" என்று எழுதுவதும், விலையைக் குறைத்துக் காட்டுவதும் குற்றமாகும். வாங்குபவர் சில வேளைகளில் அவ்வாறு எழுதும்படி வேண்டலாம்; இணங்கலாகாது. 120 வெள்ளிப் பொருளை 20 வெள்ளி என்று எழுதினால், அது தொலையும்போது அந்த 20 வெள்ளிக்கு மேல் இழப்பீடு கேட்க வழியிராது.

வரி யாருடையது?

போய்ச் சேரும் நாட்டின் வரியை நாமே முன்கூட்டிச் செலுத்தும் முறை உண்டு. வாங்குபவர் அங்குச் செலுத்தும் முறையும் உண்டு. எம்முறை என்பதை விற்கும்போதே தெரிவித்துவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், அவர் பொதியைப் பெற மறுப்பார். திருப்பி அனுப்பும் செலவு நம் தலையில் விழும்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. பிரிட்டனில் 2021 முதல், 135 பவுனுக்கு மேற்படாத பொதிகளுக்கு விற்கும்போதே வரி வாங்கும் முறை நடப்புக்கு வந்தது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு அளித்துவந்த தீர்வை விலக்கை 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்தியது; அப்போது பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அந்நாட்டுக்கான பொதிகளைச் சில காலம் ஏற்கவில்லை. எனவே, சென்ற ஆண்டு அறிந்த விதியை நம்பி இவ்வாண்டு விலை கூறலாகாது.

தடை செய்யப்பட்டவை

வாசனைத் தைலம், அழுத்தமூட்டிய தெளிப்பான், தனி லித்தியம் மின்கலம் போன்றவற்றுக்கு வான்வழியில் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, உலர்ந்த மலர், மரப்பொருள், இறைச்சி, பால் பொருள் ஆகியவற்றைக் கடுமையாகச் சோதிக்கின்றன. தோரணத்தில் அழகுக்காகக் கோத்த ஒரு விதைமணி கூட முழுப் பொதியையும் தடுத்து நிறுத்தப் போதுமானது.

முடிவாக ஒன்று. சிறிய, விலை குறைந்த பொருளுக்குத் தொடர் எண்ணுடன் கூடிய அஞ்சல். விலை உயர்ந்ததற்கும் அவசரமானதற்கும் விரைவு அஞ்சல் அல்லது கூரியர். தொடக்கக்காரருக்கு இணையச் சந்தை என்பதைப் பொதுவான வழிகாட்டியாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பொதிக்கும் நாடு, எடை, கட்டணம், சென்று சேர்ந்த நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பத்துப் பொதிகள் போன பின், எந்த நாட்டுக்கு எந்த வழி இலாபம் தருகிறது என்பதை அக்குறிப்பேடே காட்டிவிடும்.