வேடந்தாங்கல் நமக்குக் கற்பிக்கும் பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை:

சுற்றுலா என்றதும் ஊட்டியும் கொடைக்கானலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், மதுராந்தகத்தை அடுத்துள்ள ஒரு சிற்றூர் உலகின் பல நாடுகளிலிருந்து பறவை விருந்தினரை வரவேற்கிறது. அதுவே வேடந்தாங்கல். கிராமத்தைக் கெடுக்காமல் கிராமச் சுற்றுலாவை வளர்ப்பது எப்படி என்பதை இவ்வூரைக் கொண்டு ஆராய்வோம்.

ஊரார் காத்த ஏரி:

வேடர்கள் தங்கிய இடமாதலால் இப்பெயர் வந்தது என்பர். வேட்டையின் பெயர் கொண்ட ஊர் பறவைகளின் புகலிடமானது வியப்பே! சுமார் 74 ஏக்கர் பரப்புள்ள இவ்வேரியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்துக் 'கவுல்' என்னும் பத்திரம் வழங்கினார்.

ஏழை உழவர்கள் இவ்வளவு அக்கறை காட்டியதன் காரணம் என்ன? மரங்களில் தங்கும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. அந்நீர் பாயும் வயலுக்கு அதுவே உரம். பறவையும் உழவரும் ஒருவரால் ஒருவர் வாழ்ந்தனர்.

இன்றைய நிலை:

நவம்பர் முதல் மார்ச் வரை இங்குக் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா முதலியவற்றைக் காணலாம். வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வற்றினால் பறவைகளும் வருவதில்லை. 1998ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏரி மட்டும் இருந்தால் போதாது. இரை தேடச் சுற்றியுள்ள வயல்களும் குளங்களும் வேண்டும் அல்லவா? 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் 'ராம்சார்' ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

அதே ஆண்டில் அப்பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை நம் வீட்டுக்கு அருகிலேயே உள்ளது. அதன் பெரும்பகுதி கட்டடங்களாலும் பெருங்குடிக் குப்பைக் கிடங்காலும் சுருங்கிவிட்டது. தமக்குப் பயன் தருவது என்று ஊரார் கருதிய ஏரி பிழைத்தது. எவருக்கும் பயனற்ற நிலம் என்று கருதப்பட்ட சதுப்பு நிலம் அழிந்தது. இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

செய்ய வேண்டுவன:

இப்பொழுது உழவர்கள் கடையில் உரம் வாங்குகின்றனர். ஆகவே பறவையோடு அவர்களுக்கிருந்த பழைய பிணைப்பு தளரக்கூடும். அந்த இடத்தைச் சுற்றுலா நிரப்ப வேண்டும். பயணிகள் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அவ்வூரிலேயே தங்க வேண்டும். ஊர் இளைஞர்களுக்குப் பறவைகளைப் பற்றிப் பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக்கலாம். மகளிர் குழுக்கள் சிற்றுண்டி விற்கலாம். ஏரிக்கருகே பெரிய விடுதிகள் எழுப்பாமல், வரும் கூட்டத்திற்கும் ஓர் அளவு வைக்க வேண்டும்.

மாணவியராகிய நமக்கும் கடமைகள் உண்டு. பல கார்களில் செல்வதை விட ஒரே பேருந்தில் செல்வோம். கூச்சலும் பாட்டும் அங்கு வேண்டா. பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்ப்போம். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு சென்றால் திரும்பக் கொண்டு வருவோம். இளநீரையும் உணவையும் ஊராரிடமே வாங்குவோம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வூர்ச் சிறுவர் பண்டிகை மகிழ்ச்சியையே விட்டுக்கொடுக்கும்போது, நாம் இரண்டு மணி நேரம் அமைதி காக்கலாகாதா?

முடிவுரை:

ஐக்கிய நாடுகள் சபை 2017ஆம் ஆண்டை வளர்ச்சிக்கான நீடித்த சுற்றுலாவின் ஆண்டாகக் கொண்டாடியது. அக்கருத்தை ஏட்டில் படிக்காத உழவர்கள் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே பறவையைக் காத்தால் ஊர் வாழும் என்று உணர்ந்திருந்தனர். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். காண வருவோரும் வடத்தில் கை வைத்தால் அத்தேர் நிலைக்கு வந்து சேரும். பறவைகள் அடுத்த ஆண்டும் வரவேண்டும். அவற்றைக் காக்கும் மக்களும் அவ்வூரில் மனநிறைவோடு வாழவேண்டும். அதற்கேற்ற பயணிகளாக நாம் செல்வோமாக!