நழுவும் தோளும் நுண்துளை அறுவையும்

மரம் சீவவும் பால் வாளி தூக்கவும் நமக்குத் துணை நிற்பது தோள். பெரிய மூட்டுகளுள் அடிக்கடி நழுவுவதும் அதுவே. காரணம் என்ன? மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமற்ற குழியொன்றில் அமர்ந்துள்ளது. குழியின் விளிம்பிலுள்ள குருத்து வளையமும் நார்களும் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. நாம் வழுக்கி விழுந்து தோள் முன்புறமாக நழுவும்பொழுது, அவ்வளையம் பெரும்பாலும் எலும்பை விட்டுப் பிய்ந்துவிடுகிறது. இதனை 1923ஆம் ஆண்டில் விளக்கியவர் இலண்டன் மருத்துவர் பேங்கார்ட்.

நழுவிய தோளைத் தெரிந்தவர் எவரேனும் இழுத்துப் பொருத்துவது ஆபத்து. எலும்பு முறியலாம், நரம்பும் கெடலாம். மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்த பின்னரே பொருத்துதல் வேண்டும். இருபது வயதையொட்டிய இளைஞருள் பலருக்குத் தோள் மீண்டும் நழுவும். நாற்பதைக் கடந்தோருக்கு அது குறைவு. எனினும் தோளின் தசைநாண் கிழிந்திருக்கக்கூடும். பொருத்திய பின்னும் கையை உயர்த்த இயலாவிடில் மீண்டும் மருத்துவரைக் காண்க.

மீண்டும் மீண்டும் நழுவும் தோளுக்கு நுண்துளை அறுவை உண்டு. சிறு துளைகளின் வழியே ஒளிப்படக் குழாயையும் கருவிகளையும் செலுத்தி, பிய்ந்த வளையத்தை எலும்பில் பதித்த நூல் முளைகளால் இறுகக் கட்டுகின்றனர்.

இதன் பலன் எத்தகையது? பர்க்கார்ட், டி பீர் என்னும் மருத்துவர்கள் 194 பேரின் அறுவைப் பலனை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலும்பு பெரிதும் சிதையாத 173 பேரில் எழுவருக்கே தோள் மறுபடி நழுவியது. எலும்பு மிகவும் சிதைந்திருந்த 21 பேரிலோ 14 பேருக்கு நழுவியது! ஒவ்வொரு நழுவலும் எலும்பை மேலும் சிதைக்கக்கூடும். ஆகவே, காலந்தாழ்த்துவது நமக்கே நட்டம். எலும்பு மிகச் சிதைந்தோருக்கு, அருகிலுள்ள எலும்புத் துண்டொன்றைக் குழியின் முன்விளிம்பில் பொருத்தும் வேறு முறை உண்டு. அதனை 1954இல் எடுத்துரைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் லதார்ஜே.

அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. சில வாரங்கள் கையைத் தூளியில் தாங்க வேண்டும். பின்னர்ப் பயிற்சியாளர் சொல்லும் பயிற்சிகளைத் தவறாது செய்ய வேண்டும். பாரம் தூக்குவதற்குப் பெரும்பாலும் ஆறு மாதங்கள் வரை ஆகலாம். துளை சிறியது, வலியும் இல்லை என்று எண்ணி, நாட்கூலியை நினைத்து முன்னதாகவே வாளியைத் தூக்கினால் கட்டிய வளையம் மீண்டும் பிய்யலாம். மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, நிர்வாகத்திடம் இலகுவான வேலை கேட்போம். வலி நின்ற நாள் வேறு. தோள் தேறிய நாள் வேறு.