விழுங்கப்பட்ட பிறபொருள்களும் குடற் பாதிப்பை இனங்காண்பதிலுள்ள இடர்பாடுகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
அலகு: மனிதனின் சமிபாட்டுத் தொகுதி

நாணயம், மணி, மீன்முள், ஊசி, பொத்தான் வடிவ மின்கலம் போன்ற உணவல்லாத பொருள்கள் சமிபாட்டுப் பாதையினுட் செல்லும்போது அவை பிறபொருள்கள் எனப்படும். அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜக்சன் (1865–1958) நோயாளரின் களம், சுவாசப் பாதை ஆகியவற்றிலிருந்து அகற்றிச் சேகரித்த 2374 பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. இது அன்றும் இன்றும் பொதுவான விபத்தாகும்.

1. பிறபொருள் செல்லும் பாதை

வாய் → தொண்டை → களம் → இரைப்பை → சிறுகுடல் → பெருங்குடல் → குதம்

சுவர்த் தசைகளின் சுற்றுச்சுருங்கல் அசைவினால் பொருள் முன்னோக்கித் தள்ளப்படும். களம் ஒடுங்கியதாகையால் பொருள்கள் பெரும்பாலும் அங்கேயே சிக்குகின்றன. இரைப்பையை அடைந்த மழுங்கிய சிறு பொருள்களுட் பெரும்பாலானவை சில நாட்களில் மலத்துடன் தாமாகவே வெளியேறும்.

2. விசேட ஆபத்துள்ள பொருள்கள்

(அ) பொத்தான் மின்கலம்: களத்திற் சிக்கிய மின்கலத்தின் இரு முடிவிடங்களுக்கிடையே ஈரமான இழையத்தினூடாக மின்னோட்டம் பாயும். மறை முடிவிடத்தருகே ஐதரொட்சைட்டு அயன்கள் தோன்றுவதால் அவ்விடம் வன்காரமாகி இழையத்தை அரிக்கும். 2 மணித்தியாலத்தினுள் கடும் புண் ஏற்படலாம். மின்கலம் உடையாதிருந்தாலும் இது நிகழும்.

(ஆ) காந்தங்கள்: வலிமையான காந்தங்கள் இரண்டு குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தால் ஒன்றையொன்று கவரும். இடையிலுள்ள குடற்சுவர் நசுங்கி, குருதியோட்டம் தடைப்பட்டு, துளை உண்டாகலாம்.

(இ) கூரிய பொருள்கள்: ஊசி, மீன்முள், பற்குச்சி என்பன சுவரைத் துளைக்கலாம்.

3. இனங்காண்பது ஏன் கடினம்?

• வயிற்றுவலி, வாந்தி, வயிறு ஊதுதல் ஆகியன பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறிகள். குடல்வளரி அழற்சி, குடலடைப்பு, தொற்று ஆகிய எல்லாவற்றிலும் இவை தோன்றும்.

• தோலில் முள் குத்தினால் இடத்தைச் சரியாகக் காட்டுவோம். குடலின் நரம்புகள் இடத்தை அவ்வளவு துல்லியமாக உணர்த்துவதில்லை. உதாரணமாக, குடல்வளரி வயிற்றின் வலது கீழ்ப்பகுதியில் இருந்தும் அதன் அழற்சியால் வரும் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியே ஆரம்பிக்கும்.

• எக்ஸ் கதிரை உலோகம் நன்கு உறிஞ்சுவதால் நாணயம் படத்தில் தெளிவாகத் தெரியும். பிளாத்திக்கு, மரம், மெல்லிய மீன்முள் என்பன பெரும்பாலும் தெரியா.

• ஆரம்பத்தில் அறிகுறி எதுவும் இல்லாதிருக்கலாம். சிறு குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சற்று வளர்ந்த பிள்ளை அடிக்குப் பயந்து மறைக்கும்.

ஆகையால் மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படத்துடன் அகநோக்கியையும் தேவைக்கேற்பப் பயன்படுத்துவார். அகநோக்கியின் ஒளியியல் நார்களில் ஒளி முழு அகத்தெறிப்பினாற் செல்வதை ஒளியியற் பாடத்தில் கற்றிருப்பீர்கள். இவற்றுக்கும் மேலாக, எதை, எப்போது, எத்தனை விழுங்கினார் என்ற தகவலே மருத்துவருக்குப் பேருதவியாகும்.

4. செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

• மின்கலம் அல்லது காந்தம் எனச் சந்தேகித்தால் அறிகுறிக்காகக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்க. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.
• வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். சோற்றுருண்டையோ வாழைப்பழமோ விழுங்கக் கொடுத்துத் தள்ள முயலாதீர்கள்.
• அதே வகைப் பொருள் அல்லது அதன் உறை இருப்பின் எடுத்துச் செல்க.
• பிள்ளையைத் திட்டாது அன்பாகக் கேட்டறிக.

மாதிரி வினாக்கள்

1. "எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, எனவே பிள்ளை எதையும் விழுங்கவில்லை." இக்கூற்று சரியானதா? காரணம் தருக.
விடை: தவறு. எக்ஸ் கதிரைக் குறைவாக உறிஞ்சும் பிளாத்திக்கு, மரம் போன்றவை உள்ளே இருந்தும் படத்தில் தெரியாதிருக்கலாம்.

2. களத்தில் வட்டமான உலோகப் பொருளொன்று தெரிகிறது. அது நாணயமா, மின்கலமா என எவ்வாறு ஊகிக்கலாம்?
விடை: மின்கலத்தின் விளிம்பு பெரும்பாலும் இரட்டை வளையமாகத் தோன்றும், நாணயத்தில் அவ்வாறு தோன்றாது. ஐயமிருப்பின் மின்கலம் எனக் கருதியே விரைந்து செயற்படல் வேண்டும்.

நினைவிற் கொள்க: வீட்டில் தம்பி, தங்கை ஏதேனும் விழுங்குவதைக் கண்டவர் நீங்கள் மட்டுமாக இருக்கலாம். உடனே பெரியவர்களிடம் கூறுங்கள்.