பூம்பாவைப் பதிகத்தில் இருத்தலும் போதலும்: தோற்றப்பாட்டியல் நோக்கு

இரண்டாம் திருமுறையில் இடம்பெறும் சம்பந்தரின் மயிலைப் பதிகம் இதுகாறும் பெரும்பாலும் இரு வகையாகவே பயிலப்பட்டுள்ளது. சமய நோக்கினர் அதனை இறந்த பெண்ணை எழுப்பிய அற்புதத்தின் சான்றாகக் கொண்டனர். வரலாற்று நோக்கினர் ஏழாம் நூற்றாண்டில் கபாலீச்சரத்தில் நடந்த விழாக்களின் பட்டியலாகக் கொண்டனர். இவ்விரண்டும் பயனுடையனவே. எனினும், பதிகம் எழுப்பும் வினாவை இவ்விரு நோக்கினரும் வினாவாகவே விட்டுவைக்கவில்லை. முன்னவர் அதற்கு விடை கிடைத்துவிட்டது என்பர். பின்னவருக்கு அது வெறும் சந்தம். ஒருத்தி 'இருப்பது' என்றால் என்ன என்பதே அவ்வினாவின் உட்பொருள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழில் இவ்வினாவை எழுப்புவோர் முதலில் சொல்லிடர்ப்பாடு ஒன்றனைச் சந்திக்கின்றனர். மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருத்தலும் காலமும்' என்னும் நூல், 'வானம் நீலமாக இருக்கிறது' என்பது போன்ற தொடர்களில் வரும் இணைப்புவினையை எவரும் ஆராயாமலே புரிந்துகொள்கின்றனர் என்பதிலிருந்து தொடங்குகிறது. தமிழோ 'வானம் நீலம்' என்று வினையின்றியே முடிக்கும். இணைப்புவினை அதற்கு இன்றியமையாததன்று. ஆயின் இவ்வினாவுக்குத் தமிழில் இடமில்லை என்று முடிவுகட்டுதல் பிழை. உண்மை, இன்மை, அன்மை ஆகியவற்றைத் தொல்காப்பியர் குறிப்புவினையின் களத்தில் வைத்துப் பேசுகிறார். அங்கு 'உண்மை' என்பது மெய்ம்மையன்று, உளதாந்தன்மை. 'இரு' என்னும் வினை உளதாதலையும் தங்குதலையும் ஒருங்கே குறிக்கும். உலகில்-இருத்தல் என்பதை விளக்கும்போது, 'இல்' என்னும் உருபுக்கு நிகரான செருமானியச் சொல்லை உறைதல் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லோடு ஹைடெக்கர் தொடர்புபடுத்துகிறார். அவர் சொல்லாராய்ச்சியால் தேடி அடைந்ததைத் தமிழ்ப் பேச்சு நாள்தோறும் கைக்கொண்டுள்ளது.

பதிகம் இருத்தலுக்கு எதிராக நிறுத்துவது இறத்தலை அன்று, போதலை. பாடல்தோறும் இறைவன் கபாலீச்சரத்தில் அமர்ந்தவனாகச் சுட்டப்படுகிறான். பெண் போகின்றவளாக வினவப்படுகிறாள். வினவும் அடியில் 'காண்' என்பதன் எதிர்மறை எச்சமும் 'போ' என்பதன் முன்னிலை வினாமுற்றும் இணைகின்றன. அம்முற்று இறந்தகாலம் காட்டுவதன்று; அவள் இன்னும் போய்விடவில்லை என்ற நிலையிலேயே வினா அமைகிறது. எலும்பும் குடமும் பதிகத்துள் இல்லை. அவற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரே விரித்துரைக்கிறார்: சிவநேசர் மகள் ஏழாண்டுப் பருவத்தில் அரவு தீண்டி மாண்டாள், பதிகம் கேட்டுப் பன்னிரண்டாண்டுப் பருவத்தினளாய்க் குடத்தினின்றும் எழுந்தாள். இதில் குறிக்கத்தக்கது, இல்லாதிருந்த ஆண்டுகளும் அவள் வளர்ச்சியுள் சேர்க்கப்பட்டமை. பதிகத்தின் இலக்கணத்தைச் சேக்கிழார் மிக நுட்பமாகப் படித்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. போகாதவளுக்கு ஆண்டுகள் கழியாமல் நின்றுவிடா.

அவள் காண வேண்டியவையாகச் சொல்லப்படுவன எவை? வீடுபேறோ இறைவனது தனிக்காட்சியோ அல்ல. அடியார்க்கு அமுதிடல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொற்றாப்பு, பெருஞ்சாந்தி என்பன அவை. தைப்பூசத்தில் நெய் கலந்த சோறு வருகிறது. கடலாட்டில் தென்னை சூழ்ந்த ஊர் வருகிறது. விளக்கீட்டில் வளையணிந்த கைகள் வருகின்றன. இவற்றைச் செய்வோர் மயிலை மகளிர். உயிருடன் இருந்தால் பூம்பாவையும் அவர்களுள் ஒருத்தி. ஆகவே ஈண்டுக் 'காணல்' என்பது எட்ட நின்று நோக்குவதன்று. பிறரோடு கூடிச் செய்யும் ஒன்றில் இடம்பெறுதல்.

இங்குத்தான் ஹைடெக்கரோடு முரண் எழுகிறது. புதிது புதிதாகக் காணத் துடிக்கும் ஆவலை அவர் தன்னை இழந்த அன்றாட வாழ்வின் கூறாக எண்ணினார். பொதுமக்கள் எல்லாரும் செய்வதைத் தானும் செய்தல் அவருக்கு ஐயத்திற்குரியது. சாவை எதிர்நோக்குதலே மனிதனைத் தனக்குரியவனாக்குகிறது. அவ்வளவுகோலால் அளந்தால் விழாக் காண அழைக்கும் பதிகம் தாழ்ந்த நிலைக்கே அழைப்பதாகும். ஆனால் ஆவல் தேடுவது புதுமையை. விழாவோ ஆண்டுதோறும் திரும்பி வருவது. சென்ற ஆண்டு கண்டதையே இவ்வாண்டும் காண்கிறோம் என்பதே அதன் சுவை. திரும்பி வரும் இக்காலத்தை, சாவை நோக்கி ஒருமுகமாகச் செல்லும் காலத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. பதிகம் கண்ட காலத்தை ஹைடெக்கரின் நூல் போதிய அளவு ஆராயவில்லை எனலாம்.

மற்றொரு வேறுபாடு அழைப்பைப் பற்றியது. ஹைடெக்கர் கூறும் மனச்சான்றின் அழைப்பு ஒருவனுள்ளிருந்தே எழுவது. அது மௌனமாகவே அழைக்கும். பூம்பாவைக்கு வரும் அழைப்போ பிறன் ஒருவனுடைய வாயிலிருந்து, பண்ணோடு, ஊரார் கேட்க வருகிறது. தன் சாவினும் பிறர் சாவே முதன்மையானது என்ற லெவினாசின் மறுப்பு இதற்கு அணுக்கமானது. எனினும் அவரிடத்தில் நலிந்தவர் முகம் நம்மை விளிக்கிறது. ஈண்டு நலிந்தவளைப் பாடுவோர் விளிக்கிறார்.

பக்திப் பனுவலை இருபதாம் நூற்றாண்டு மெய்யியலால் அளப்பது காலவழு என்னும் மறுப்பு எழலாம். அது வலுவுடையதே. பத்தாம் பாடல் அமணரையும் சாக்கியரையும் பழிப்பதை இந்நோக்கு விளக்குவதில்லை; விழாவுலகிற்குள் யார் அழைக்கப்பட்டனர், யார் விலக்கப்பட்டனர் என்பது தனியே ஆராயத்தக்கது. 'பிறரோடு இருத்தல்' என்னும் கருத்தைப் பதிகத்திலிருந்து பெறுவோர் அவ்விலக்கலையும் சேர்த்தே பெறுகின்றனர்.

இன்றும் பங்குனிப் பெருவிழாவில், அறுபத்துமூவர் உலா வரும் நாளில், பூம்பாவை எழுந்த நிகழ்ச்சி மயிலையில் நடத்திக் காட்டப்பெறுகிறது. பாடலில் அவள் காண அழைக்கப்பட்ட விழாக்களுள் பங்குனியும் ஒன்று. அவ்விழாவில் இப்போது ஊரார் காண்பது அவளை.