பெட்டைப் பூனையின் பருவகாலப் பராமரிப்பு

அரிசிப் பானையையும் கருவாட்டுக் கூடையையும் எலிகளிடமிருந்து காப்பது வீட்டுப் பூனை. இருந்தும், இரவெல்லாம் கத்துகிறது என்று அதனைக் கம்பால் அடித்து விரட்டுவோர் உளர். விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட வேண்டிய தொழிலாளிக்கு உறக்கம் கெடுவது துன்பமே. ஆயினும், கத்தலின் காரணத்தை அறிந்தால் கம்பெடுக்கத் தேவை இராது.

அறிகுறிகள்

பெட்டைப் பூனை பெரும்பாலும் 4 முதல் 10 மாத வயதுக்குள் முதற்பருவம் அடைகிறது. அப்போது அது நீட்டிக் கத்தும், தரையில் புரளும், கால்களில் உரசும், முதுகைத் தடவினால் பின்புறத்தை உயர்த்தி வாலை ஒதுக்கும். உணவும் குறையலாம். இது நோயன்று, இயற்கையின் தூண்டுதலே.

குளிர்நாடுகளில் பகற்பொழுது நீளும் மாதங்களிலேயே பூனைகள் பருவமடைகின்றன. பத்துமலை போன்ற நம் வட்டாரங்களிலோ பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாகவே இருப்பதால், ஆண்டு முழுவதும் பருவம் வரும். ஒரு பருவம் ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். பெரும்பாலும் இணை சேர்ந்தால்தான் கருமுட்டை வெளிப்படும். சேராவிடில் இரண்டு மூன்று வாரங்களில் பருவம் திரும்பும்.

செய்ய வேண்டியவை

1. கதவு, சன்னல்களை அடைத்துப் பூனையை வீட்டினுள்ளேயே வைத்திருங்கள், கடுவன்களை அண்டவிடாதீர்கள்.
2. அமைதியான மூலையில் பழந்துணி விரித்து, அருகில் தண்ணீரும் மணல் தட்டும் வையுங்கள்.
3. மாலையில் சற்று விளையாட்டுக் காட்டி, பின் உணவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

அடிக்காதீர்கள், அடியால் பருவம் அடங்காது. மனிதர் உண்ணும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பெனடோல் பூனையின் உயிரைப் பறிக்கும். பருவம் கழிந்த சில வாரங்களில் பூனை சோர்ந்து, அதிகம் தண்ணீர் குடித்து, பிறப்புறுப்பில் சீழ் வடித்தால் அது கருப்பை நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

நிலையான வழி

சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரங்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 4 குட்டிகள். அவை பால் குடிக்கும்போதே தாய் மீண்டும் சினையாகலாம். பின்னர் அக்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவிடுவது கொடுமை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கு வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது.

கருத்தடை அறுவையே நிலையான தீர்வு. ‘ஒருமுறையேனும் ஈன்றால்தான் பூனைக்கு நலம்’ என்பது தவறான நம்பிக்கை. முதற்பருவத்துக்கு முன்பே அறுவை செய்தால் மடிப்புற்று வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. பருவ நாள்களில் இரத்தக் குழாய்கள் பெருத்திருப்பதால் மருத்துவர் சில நாள் பொறுக்கச் சொல்லலாம். அறுவைக்குப்பின் 10 முதல் 14 நாள்கள் பூனை குதிக்காமலும் புண்ணை நக்காமலும் காக்க வேண்டும்.

செலவைக் கண்டு தயங்குவோர், லயத்தில் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து ஒரே நாளில் பூனைகளைக் கொண்டு செல்லலாம். வண்டிக் கூலியாவது மிச்சமாகும். அம்பாங்கிலுள்ள சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்திடமும், அருகிலுள்ள கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்திடமும் விவரம் கேளுங்கள். வாயில்லா உயிரின் தொல்லையும் தீரும். நம் உறக்கமும் நிலைக்கும்.