லோவல் என்றால் கெரோவாக் மட்டுமா?

அன்புள்ள வாசகருக்கு,

எழுத்தாளர் ஜாக் கெரோவாக் பிறந்த லோவல் நகரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆறு பாட்டக்கெட் அருவியாக 32 அடி இறங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். அந்த இறக்கத்தை நம்பித்தான் ஊரே உண்டானது. ஆற்று நீரை வாய்க்காலில் திருப்பிச் சக்கரம் சுழற்றி, 1823-இல் முதல் பஞ்சாலையை ஓட்டினார்கள். தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சுதான் இங்கே துணியானது. அதை மறைத்துவிட்டு லோவலின் பெருமை பேச எனக்கு மனமில்லை.

பேர் பெற்றவர்களுக்குக் குறைவில்லை. ஓவியர் விஸ்லர் 1834-லும் நடிகை பெட்டி டேவிஸ் 1908-லும் இங்கே பிறந்தார்கள். கெரோவாக் 1922-இல் பிறந்தார். 1969-இல் இறந்தபோது சொந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். உலகெங்கும் நீர்மின் நிலையங்களில் சுழலும் பிரான்சிஸ் டர்பைனை உருவாக்கிய ஜேம்ஸ் பிரான்சிஸும் லோவல் வாய்க்கால்களைக் கவனித்த பொறியாளர்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் முதல் பெயர் ஹாரியட் ஹான்சன். கணவரை இழந்த தாய் ஆலைப் பெண்களுக்கு விடுதி நடத்த, மகள் 10 வயதில் ஆலைக்குப் போனாள். 1836-இல் நிர்வாகம் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியது. கூலியில் கை வைத்ததற்குச் சமம் அது. பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஹாரியட் இருந்த கூடத்தில் மூத்தவர்கள் போவதா வேண்டாமா என்று தயங்கி நிற்க, 11 வயதுச் சிறுமி முதல் ஆளாக வெளியே நடந்தாள். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். மகளை அடக்கவில்லை என்று சொல்லி, விடுதிப் பொறுப்பிலிருந்து தாயை நீக்கிவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் செய்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூல் சுற்றிய தார் தீர்ந்ததும் புதுத் தாரைத் தறியில் ஓடும் நாடாவுக்குள் வைத்து, நாடாவின் துளையில் வாய் வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே எடுப்பார்கள். நூலோடு பஞ்சுத் தூசியும் நெஞ்சுக்குள் போகும். ஒருத்தி வாய் வைத்த நாடாவில் அடுத்தவளும் வாய் வைப்பாள். வேலை நேரமோ நாளுக்கு 12, 13 மணி. அதற்கு நடுவிலும் அவர்களில் ஒருவரான கவிஞர் லூசி லார்கம், பத்திரிகைகளில் வந்த கவிதைகளை வெட்டித் தன் ஜன்னல் ஓரத்தில் ஒட்டி வைத்து வாசித்தார். ஆலைப் பெண்களே எழுதிய 'லோவல் ஆஃபரிங்' இதழ் 1840 முதல் 1845 வரை வந்தது. பத்து மணி நேர வேலை கேட்டுக் கையெழுத்துத் திரட்டிய ஆலைப் பெண் சாரா பேக்லி, 1845-இல் சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். சட்டம் வர 1874 ஆயிற்று.

கெரோவாக்கை அவசியம் படியுங்கள். அதற்கு முன் ஹாரியட் 1898-இல் எழுதிய 'லூம் அண்ட் ஸ்பிண்டில்' புத்தகத்தைப் படித்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொழிபெயர்க்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவர் கையிலும் கொண்டு சேருங்கள்.

அன்புடன்.